ரோமுல எங்க அத்தை தேடிப் போன சிலுவை

ரோமுக்கு திருயாத்திரை போற நம்மூர் குரூப்புங்களோட ப்ரோக்ராம் எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், நாலு பெரிய பேராலயம், கொலோசியம் வாசல்ல ஒரு போட்டோ, ட்ரெவி ஃபவுண்டன்ல காசு போடறது, அப்புறம் பஸ் ஏறி அசிசி. நாங்க போனது 2025 யூபிலி வருஷம், அதாவது கத்தோலிக்கப் புனித ஆண்டு, அதனால அப்ப தொறந்து வச்சிருந்த நாலு புனித கதவும் ப்ரோக்ராம்ல சேந்துக்கிச்சு, கூட்டம் வேற அள்ளுச்சு. ஆனா எங்க அத்தை, அதாவது வீட்டுக்காரியோட அம்மா, தூத்துக்குடில பெட்டி கட்டும்போதே ஒரே ஒரு கண்டிஷன் போட்டுட்டாங்க. "மாப்ள, அந்த மழைல நனஞ்ச சிலுவை எந்த கோயில்ல இருக்கோ அங்க என்னைக் கூட்டிட்டுப் போயிருங்க, மத்தத எல்லாம் நீங்க பாத்துட்டு வாங்க, நான் எங்கயாவது உக்காந்திருக்கேன்." ப்ரோக்ராம் பேப்பர எடுத்துப் பாத்தா அந்தக் கோயில் பேரே அதுல இல்ல.

எந்த சிலுவைன்னு சொல்லிடறேன். 2020 மார்ச் 27, நம்ம நாட்டுல லாக்டவுன் போட்டு மூணாவது நாள், வெள்ளிக்கிழமை. அங்க சாயங்காலம் ஆறு மணி, நமக்கு ராத்திரி பத்தரை. போப் பிரான்சிஸ் செயின்ட் பீட்டர்ஸ் சதுக்கத்துல, ஒரு ஈ காக்கா இல்லாத சதுக்கத்துல, மழைல தனியா நடந்து வந்தாரே, அன்னைக்கு அங்க ஒரு பழைய மரச் சிலுவைய வச்சிருந்தாங்க, ஏசுவோட உடம்புல மழைத்தண்ணி வழியறத டிவில க்ளோஸப்ல காட்டினாங்க, அதுதான். பாத்தவங்களுக்கு மறக்காது. எங்க மாமா அப்ப இருந்தாங்க, பாத்துட்டு "எம்பத்திமூணு வயசு மனுசனுக்கு ஒரு குடை பிடிக்க ஆளில்லையா அங்க"ன்னு கோவப்பட்டாங்க. அத்தை ஒண்ணும் சொல்லல, ஜெபமாலைய உருட்டிட்டே இருந்தாங்க.

எனக்கு மெடிக்கல் ஷாப். அதனால எங்களுக்கு லாக்டவுன்லாம் கெடையாது, கடை தொறந்தே ஆகணும். அந்த மார்ச் மாசம் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்னவனுக்குத்தான் தெரியும் ஜனங்க எப்படி பயந்து கெடந்தாங்கன்னு. மூணு லேயர் மாஸ்க் பத்து ரூவா, சானிடைசர் 200 எம்.எல். நூறு ரூவான்னு கவர்மென்ட் வெலை கட்டிடுச்சு, ஆனா சரக்கு வந்தாத்தான குடுக்க, "இருக்குய்யா ஒளிச்சு வச்சிருக்க"ன்னு நல்லா பழகுன அண்ணாச்சிமாரே சண்டைக்கு வந்தாங்க. ஒருத்தர் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின்னு மலேரியா மாத்திரை கேப்பாரு, டாக்டர் சீட்டு எங்கன்னா மொறைப்பாரு, இன்னொருத்தங்க கபசுரக் குடிநீர் பொடி மொத்தமா வேணும்பாங்க. அன்னைக்கு ராத்திரி கடைய அடச்சுட்டு வந்து, குளிச்சுட்டு, வீட்ல யாரையும் தொடாம ஓரமா சேர் போட்டு உக்காந்துதான் நானும் பாத்தேன்.

அன்னைக்கு வாசிச்ச நற்செய்தி மாற்கு நாலாம் அதிகாரம், கடல்ல புயல் அடிக்குது, சீடர்கள் பதறுறாங்க, ஏசு படகோட பின்பக்கத்துல தலையணை வச்சு தூங்கறாரு. எங்கப்பா கடலுக்குப் போனவரு, இந்த வாசகம் பூசைல வந்தாலே அவருக்கு ஒரு சிரிப்பு வரும், புயல்ல சுக்கான் பக்கம் படுத்து தூங்கறதுக்கு ஒண்ணு பைத்தியமா இருக்கணும் இல்ல படகு யாரோடதுன்னு தெரிஞ்சவனா இருக்கணும்பாரு. போப் அன்னைக்கு, நாம எல்லாரும் ஒரே படகுலதான் இருக்கோம், யாரும் தனியா கரை சேர முடியாதுங்கற மாதிரி பேசினாரு. டாக்டர், நர்ஸ், சூப்பர் மார்க்கெட்ல வேலை பாக்கறவங்க, துப்புரவு ஆளுங்க, போலீசு, வண்டி ஓட்டறவங்கன்னு ஒரு லிஸ்ட்டே சொல்லி நன்றி சொன்னாரு. மெடிக்கல் ஷாப்காரன சொல்லல, ஹூம், பரவாயில்ல, "இன்னும் எத்தனையோ பேர்"ன்னு கடைசில சொன்னதுல நம்மளும் அடக்கம்னு எடுத்துக்கிட்டேன். அப்புறம் நற்கருணைய, அதாவது ஏசுவோட உடலா நாங்க கும்பிடற அப்பத்த, கைல ஏந்தி அந்த காலி சதுக்கத்தப் பாத்து ஆசீர் குடுத்தாரு, கோயில் மணி ஒரு பக்கம் அடிக்குது, எங்கயோ ஆம்புலன்ஸ் சைரன் ஒரு பக்கம் கேக்குது. இத்தாலில அன்னைக்கு ஒரே நாள் கணக்குல மட்டும் 900 பேருக்கு மேல செத்திருந்தாங்க.

இதுல என்னைப் பிடிச்சு நிறுத்துனது என்னன்னா, அவரு "வாங்க, எல்லாரும் கூடி ஜெபிப்போம்"ன்னு கூப்பிடல. தனியா நின்னு கும்பிட்டாரு. அந்த நேரத்துல நம்ம ஆளுங்க வாட்ஸ்அப்ல என்ன பண்ணிட்டு இருந்தாங்க, திருப்பாடல் 91-அ ஸ்டேட்டஸ் வச்சிக்கிட்டு, கொள்ளைநோய் நம்மள தொடாதுன்னு வேதத்துலயே இருக்கு, மாஸ்க் எதுக்குன்னு கவுண்டர்ல வந்து என்கிட்டயே வியாக்கியானம். ஏசுவை கோயில் உச்சிக்கு கூட்டிட்டுப் போயி "குதி, தூதர்கள் உம்மைத் தாங்குவாங்க"ன்னு சாத்தான் எடுத்து விட்டதும் இதே 91-ம் பாட்டத்தான், மத்தேயு நாலுல இருக்கு, போயி பாருங்க. வசனத்த கைல வச்சுக்கிட்டு குதிக்கறதுக்குப் பேரு விசுவாசம் இல்ல. அந்தப் பாட்டு ரொம்ப நல்ல பாட்டு, நானும் அத தினம் சொல்லிட்டுத்தான் ஷட்டர தூக்குவேன், ஆனா மாஸ்க்க போட்டுட்டு சொல்லுவேன்.

சரி ரோமுக்கு வர்றேன். குரூப்போட வந்த ஃபாதர்கிட்ட விஷயத்த சொன்னோம், அவரு யோசிக்கவே இல்ல, "அது சான் மர்செல்லோ கோயில், வியா தெல் கோர்சோல இருக்கு, ட்ரெவிக்கு எல்லாரும் போற நேரத்துல நாம நடந்து போயிரலாம், பக்கம்தான்"ன்னுட்டாரு. வியா தெல் கோர்சோன்னா நம்ம திநகர் ரங்கநாதன் தெரு கொஞ்சம் பணக்காரனா ஆனா எப்படி இருக்குமோ அப்படி, ரெண்டு பக்கமும் துணிக்கடை, ஷூ கடை, கைல ஐஸ்கிரீமோட ஜனங்க. 2020 மார்ச் 15-ம் தேதி இதே தெருவுல போப் கார விட்டு எறங்கி, கொஞ்ச தூரம் நடந்தே அந்தக் கோயிலுக்குப் போனாரு, தெருவே காலி, கூட ரெண்டு மூணு செக்யூரிட்டி, அந்த போட்டோவும் நீங்க பாத்திருப்பீங்க. நாங்க போனப்ப ஒருத்தர ஒருத்தர் இடிக்காம நடக்க முடியல, அத்தைக்கு முட்டிவலி வேற, என் கைய பிடிச்சுக்கிட்டு "மாப்ள இன்னும் எவ்ளோ"ன்னு கேட்டுட்டே வந்தாங்க.

கோயில் வெளிய பாத்தா தெருவுல மத்த கட்டடத்தோட கட்டடமா நிக்குது, தெரியாதவங்க தாண்டிப் போயிருவாங்க. உள்ள போனா ஒரே அமைதி, வலது பக்கம் ஒரு சிற்றாலயத்துல அந்த சிலுவை. டிவில பாத்தத விட பெருசு. ஃபாதர் மெதுவா கதைய சொன்னாரு. 1519 மே மாசம் ராத்திரி இந்தக் கோயில் தீப்பிடிச்சு மொத்தமா எரிஞ்சு போச்சு, காலைல வந்து பாத்தா சாம்பலுக்கு நடுவுல இந்த மரச் சிலுவை அப்படியே நிக்குது, அதோட காலடில எண்ணெ விளக்கு கூட எரிஞ்சுட்டு இருந்துச்சாம். மூணு வருஷம் கழிச்சு 1522-ல ரோமுல கொள்ளைநோய். ஜனங்க இந்த சிலுவைய தூக்கிக்கிட்டு தெருத்தெருவா செயின்ட் பீட்டர்ஸ் வரைக்கும் போனாங்க, ஒவ்வொரு பகுதிக்காரங்களும் எங்க தெருவுல இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கட்டும்னு விடாம பிடிச்சு வச்சுக்கிட்டதுல அந்த பவனி ஆகஸ்ட் 4-லருந்து 20 வரைக்கும் இழுத்துடுச்சாம். நம்மூர்ல சப்பரம் வீட்டு வாசல்ல நிக்கணும்னு நடக்கற சண்டை ஞாபகம் வந்துச்சு. திரும்பி வந்தப்ப நோய் தணிஞ்சிருந்துச்சுன்னு சொல்றாங்க. கூட்டம் கூடினா தொத்து பரவும்னு அப்பவே அதிகாரிங்க தடுக்கப் பாத்தாங்களாம், ஜனங்க கேக்கல.

நான் வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்காம ஃபாதர்கிட்ட கேட்டுட்டேன், "ஃபாதர், பவனி போனதுல நோய் இன்னும் பரவிருக்காதா?" என் வீட்டுக்காரி இடுப்புல ஒரு குத்து விட்டா. ஆனா ஃபாதர் கோவப்படல. அதுக்கும் முந்தின கதை ஒண்ணு சொன்னாரு. 590-ல ரோமுல பிளேக் வந்து அப்ப இருந்த போப் ரெண்டாம் பெலாஜியுஸே அதுல செத்துப் போனாரு, அடுத்து வந்த பெரிய கிரகோரி ஏழு பிரிவா ஜனங்கள பிரிச்சு மன்றாட்டு பவனி வச்சாரு, அந்தக் காலத்து ஆயர் தூர் நகர கிரகோரி எழுதி வச்சிருக்காரு, ஜெபம் சொல்லிட்டு நடந்துட்டு இருக்கும்போதே ஒரு மணி நேரத்துல 80 பேர் சுருண்டு விழுந்து செத்தாங்கன்னு. அந்தப் பவனி முடியும்போதுதான் மிக்கேல் சம்மனசு, அதாவது தேவதூதர், வாள உறைல போட்டத பெரிய கிரகோரி பாத்தாருன்னு ஐதீகம், காஸ்தெல் சான்ட் ஆஞ்செலோ கோட்டை உச்சில வெண்கலச் சிலையா அது நிக்குது, நாங்களும் பஸ்ல போகும்போது பாத்தோம். "சம்மனசையும் நம்பறேன், எம்பது பேரையும் மறக்க மாட்டேன்"னாரு ஃபாதர். அப்புறம் மிலான்ல 1576 பிளேக் சமயத்துல அங்க பேராயரா இருந்த சார்லஸ் பொரோமியோ, ஜனங்க வீட்ட விட்டு வெளிய வரக் கூடாதுன்னு அடச்சு வச்சிருந்தப்ப, தெரு முக்குல பீடம் போட்டு பூசை வைக்கச் சொன்னாரு, அவங்கவங்க ஜன்னல்லருந்தே பூசை கண்டாங்கன்னு சொன்னாரு. 2020-ல நாங்க யூடியூப்ல பூசை பாத்ததும் அதான, ஜன்னல் மட்டும் மாறிடுச்சு.

நாங்க இதெல்லாம் பேசிட்டு இருக்க, அத்தை முன்னாடி பெஞ்ச்ல போயி உக்காந்துட்டாங்க. கிட்டப் போகல.

மாமா 2021 மே மாசம் போயிட்டாங்க. ரெண்டாவது அலை. எங்க ஊர்லயே ஸ்டெர்லைட்ட ஆக்சிஜனுக்காக மட்டும் தொறக்கலாம்னு கோர்ட்டு சொன்ன நேரம், அதப் பத்தி இப்ப பேச ஆரம்பிச்சா இன்னைக்கும் ஊர்ல சண்டை வரும், விடுங்க. ஆஸ்பத்திரிக்குள்ள போனவங்கள அத்தை திரும்ப முகம் பாக்கல. பாலித்தீன்ல சுத்தி நேரா கல்லறைத் தோட்டம், பி.பி.இ. டிரஸ் போட்ட பசங்க, பங்குச்சாமியார் தள்ளி நின்னு தீர்த்தம் தெளிச்சாரு. கூட்டம் கூட்டமா வந்து அழுது, காப்பி போட்டுக் குடுத்து, ராத்திரி முழுக்க ஜெபமாலை சொல்லி அனுப்பற வழக்கம் உள்ள குடும்பம் எங்களது. ஒண்ணும் நடக்கல. அதுக்கப்புறமும் அத்தை உடைஞ்சு உக்காரல, ஏழரை மணி ஜெபமாலை நிக்கல, பக்கத்து வீட்ல பாசிட்டிவ் ஆன குடும்பத்துக்கு வாசல்ல சோறு வச்சுட்டு வருவாங்க. எனக்கு அது அப்ப புரியல, மனசு மரத்துப் போச்சோன்னு கூட நெனச்சு, வீட்டுக்காரிகிட்ட டாக்டர பாக்கலாமான்னு கேட்டேன்.

ரோமுல அன்னைக்கு அந்த பெஞ்ச்ல போயி அத்தை பக்கத்துல உக்காந்தேன். அத்தை சிலுவையப் பாத்துக்கிட்டே சாதாரணமா, கடைல என்ன வாங்கணும்னு சொல்ற மாதிரி சொன்னாங்க, "உங்க மாமா கடைசில யாருமில்லாம கெடந்தாங்கன்னுதான் எனக்கு வயித்தெரிச்சல் மாப்ள. அந்த வருஷம் எனக்கு இவருதான் ஞாபகத்துக்கு வருவாரு. இவரயும் மழைல தனியா விட்டுட்டாங்க. அந்த போப்பாண்டவரும் தனியா நின்னாரு. தனியா இருக்கறவங்ககிட்ட கடவுள் இல்லன்னா அப்ப அங்க யாரு இருந்தா?" அவ்ளோதான். திருப்பி ஒண்ணும் கேக்கல நான். மாமா பேரச் சொல்லி ஒரு மெழுகுவர்த்தி காசு போட்டாங்க, எழுந்தாங்க, "பாத்ரூம் எங்க இருக்கு கேளுங்க"ன்னாங்க.

எனக்கு அங்கதான் ஒண்ணு தெளிஞ்சுது. அத்தைக்கு இருந்தது மாமா பொழச்சுருவாங்கங்கற தைரியம் இல்ல, அப்படி இருந்திருந்தா மே மாசமே அது உடைஞ்சிருக்கும். புயல் நின்னதுக்கு அப்புறமும் சீடர்களுக்கு பயம் போகலன்னுதான் மாற்கு எழுதறாரு, இன்னும் ஜாஸ்தியா பயந்தாங்களாம். அந்த வாசகத்த எத்தன தடவை கேட்டிருப்பேன், படகுல அவரு இருந்தாருங்கறத விட்டுட்டு புயல் நின்னத மட்டும் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

மறுநாள் சாந்தா மரியா மஜ்ஜோரே. தூத்துக்குடிக்காரங்களுக்கு இது வெறும் ரோமன் பேராலயம் இல்ல, தஸ்நேவிஸ் மாதான்னும் நாங்க கூப்பிடற நம்ம பனிமய மாதாவோட பிறந்த வீடு. 358-ம் வருஷம் ஆகஸ்ட் மாசம் எஸ்க்விலின் குன்றுல பனி பெஞ்ச எடத்துல கோயில் கட்டுனாங்கன்னு ஐதீகம், ஆகஸ்ட் 5 திருவிழாவும் அதனாலதான். 2020-ல நம்ம பேராலயத்துல கொடியேத்தம், திருவிழா எல்லாம் ஜனங்க இல்லாமயே நடந்து வீட்லருந்து செல்போன்ல பாத்தோமே, அத நெனச்சுக்கிட்டே செக்யூரிட்டி லைன்ல நின்னோம். லைன்ல பாதிப் பேர் பிரான்சிஸ் கல்லறைக்குத்தான் வர்றாங்க. உள்ள இருக்கற சலுஸ் பொப்புலி ரொமானி மாதா படத்துக்கு முன்னாடிதான் 1837 காலரா சமயத்துலயும் ரோமு ஜனங்க போயி விழுந்தாங்க, 2020 மார்ச் 15 அன்னைக்கு சான் மர்செல்லோ போறதுக்கு முன்ன பிரான்சிஸ் பூங்கொத்தோட போனதும் இங்கதான், வெளிநாடு போகும்போதும் வரும்போதும் இந்த மாதாகிட்ட சொல்லிட்டுத்தான் போவாரு, கடைசில 2025 ஏப்ரல் 26 இந்தப் படம் இருக்கற சிற்றாலயத்துக்குப் பக்கத்துலயே அடக்கம் பண்ணிட்டாங்க. வெள்ளையா கல்லு, பிரான்சிஸ்குஸ்ன்னு பேர் மட்டும், மேல ஒரு சிலுவை. நிக்க விடல, ரெண்டு செகண்ட்ல "அவாந்தி அவாந்தி"ன்னு தள்ளி விட்டுட்டாங்க.

அத்தைக்கு அதுல பயங்கர கோவம். வெளிய வந்து படில உக்காந்து தண்ணி குடிச்சுட்டு, ஃபாதர்கிட்ட, இங்க ஆகஸ்ட் அஞ்சு எப்படிக் கொண்டாடுவாங்கன்னு விசாரிச்சாங்க. மேக்கூரைலருந்து வெள்ளைப் பூவிதழா கொட்டுவாங்கம்மா, பனி மாதிரின்னாரு ஃபாதர்.

"சப்பரம்?"

"அந்த மாதிரி இல்லம்மா."

"பூ மட்டுந்தானா," ன்னு கேட்டுட்டு அத்தை என் தோளப் பிடிச்சு எழுந்தாங்க, "என்ன இருந்தாலும் தஸ்நேவிஸ் மாதா திருவிழாவுக்கு ஈடு வருமா, நீங்க ஒரு வருஷம் நம்மூருக்கு வாங்க ஃபாதர், வீட்ல தங்கிக்கலாம்."