அழுகிட்டிருந்த அத்திக் கன்னு திரும்பத் துளிர்த்த கதை

போன தை மாசம் பக்கத்து வீட்டு அக்கா வீட்ட வித்துட்டாங்க. வாங்குனவங்க இடிச்சுட்டு புதுசா கட்டப் போறாங்கன்னு கேட்டதும் எனக்கு முதல்ல நினைப்புக்கு வந்தது அவங்க கொல்லையில நின்ன சீமை அத்தி மரம்தான். ஆத்தோரம் தானா முளைச்சு நிக்குமே, தண்டுலயே கொத்துக் கொத்தா சின்னக் காய் காய்க்கும், அந்த நாட்டு அத்தி இல்ல. கடையில காய வெச்சு தட்டையா கோத்து விக்கிறாங்களே அந்த இனம். ஒவ்வொரு வருஷமும் முதல் பழம் எங்க வீட்டுக்குத்தான் வரும்.

அக்காகிட்ட கேட்டேன், "வேணுங்குறத வெட்டிக்கம்மா"ன்னாங்க. பென்சிலவிட கொஞ்சம் தடியா, ஒரு சாண் நீளத்துக்கு, நாலு கணு வர்ற மாதிரி ஆறு குச்சி வெட்டினேன். ரெண்டு வாரத்துல மரம் போயிருச்சு.

ஆறையும் ஜூஸ் குடிக்கிற, உள்ள இருக்குறது வெளிய தெரியுற பிளாஸ்டிக் டம்ளர்ல, அடியில ஓட்ட போட்டு, கோகோபீட்ல (தேங்கா நார்த்தூள்) நட்டேன். பதினஞ்சு நாள்ல நாலு குச்சியில இலை வந்துச்சு, எனக்கு சந்தோஷம் தாங்கல, ஆனா அத்தியில இலை வந்தா வேர் வந்துருச்சுன்னு அர்த்தம் இல்லங்கறது அப்புறம்தான் புரிஞ்சுது, குச்சிக்குள்ள சேத்து வெச்சிருக்குற மாவுச்சத்த வெச்சே அது இலை விட்டுரும், வேர் வர்றதுக்குள்ள அது தீந்துட்டா அவ்வளவுதான். மூணு அடியில அழுகிருச்சு, ரெண்டு காஞ்சு போச்சு. ஒண்ணே ஒண்ணுல அஞ்சாவது வாரம் டம்ளர் ஓரமா வெள்ளையா வேர் தெரிஞ்சுது.

அந்த ஒண்ணையும் சாகக் குடுக்க இருந்தேன். சீக்கிரம் பெருசாகட்டும்னு நேரா பதினஞ்சு இன்ச் குரோபேக்ல (செடி வளக்குற பை) வெச்சேன், செம்மண், தொழுவுரம், வேப்பம்பிண்ணாக்கு எல்லாம் கலந்து மொட்டைமாடியில. பங்குனி மாசம், மதுரை வெயில். மூணாம் நாளே இலை தொங்கிருச்சு. தாகம்னு நினைச்சு காலையில ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு ஊத்தினேன், இன்னும் தொங்குச்சு, இன்னும் ஊத்தினேன். கீழ் இலை மஞ்சளாகி விழுந்துச்சு, மேல் இலை ஓரமெல்லாம் கருகுச்சு, மண்ணு மேல பொடிப் பொடியா கருப்பு கொசு மாதிரி பூச்சி பறக்க ஆரம்பிச்சுது. செடி வாங்குற இடத்துல கேட்டா சத்துக் குறைவு, டிஏபி உரம் ஒரு ஸ்பூன் போடுங்கன்னாங்க. நல்லவேளை போடல. வேரே இல்லாத கன்னுக்கு உரம் வெச்சா இருக்குறதும் கருகிரும்.

பத்தாவது நாள் விரல மண்ணுக்குள்ள விட்டுப் பாத்தேன். மேல காஞ்ச மாதிரி இருந்துச்சு, ரெண்டு இன்ச் கீழ சேறு, சாக்கடை வாடை. அப்பதான் உறைச்சுது, இது தாகத்துல வாடல, மூச்சு முட்டி வாடுது. அம்மாம் பெரிய பையில இருக்குற ஈரத்த உறிஞ்ச அந்தக் கொஞ்ச வேரால முடியாது, ஈரம் அப்படியே தேங்கி நிக்குது, காத்து இல்லாம வேர் அழுகுது, வேர் அழுகினா இலைக்குத் தண்ணி ஏறாது, அதனால இலை தொங்குது, தொங்குறதப் பாத்து நாம இன்னும் ஊத்துறோம். மண்ணு ஈரமா இருந்தும் இலை தொங்கினா தயவுசெஞ்சு சொம்பத் தொடாதீங்க.

முதல்ல குச்சிய நகத்தால லேசா சுரண்டிப் பாத்தேன். உள்ள பச்சை, கூடவே ஒரு சொட்டு பால். உசுரு இருக்குன்னு தெரிஞ்சதும்தான் வெளிய எடுத்தேன், இழுக்காம, பைய கிழிச்சு மண்ணோட எடுத்து ஒரு பக்கெட் தண்ணியில ஊற வெச்சு மண்ண கரைய விட்டேன். பாதி வேருக்கு மேல பழுப்பா கொழகொழன்னு இருந்துச்சு, விரல்ல பிடிச்சா மேல்தோல் உருவிட்டு வந்து உள்ள நூல் மட்டும் நின்னுச்சு. அதெல்லாம் போன வேர். பழுப்பா இருந்தாலும் விறைப்பா இருந்தா அது நல்ல வேர்தான், நிறத்த மட்டும் பாத்து வெட்டிராதீங்க. கடைசியில மிஞ்சினது கணுகிட்ட மூணே வேர். சானிடைசர்ல தொடச்ச பிளேடால அழுகினத எல்லாம் எடுத்தேன். அத்திப்பால் கையில பட்டு வெயில்ல போனா தோல் வெந்து கொப்புளம் வந்துரும், அதனால கிளவுஸ் போட்டுக்கோங்க.

மூணு வேருக்கு மூணு இலை அதிகம். மனசே இல்லாம பெரிய இலை ரெண்டையும் வெட்டிட்டு நுனிக்குருத்தையும் ஒரு சின்ன இலையையும் விட்டேன். டிரைக்கோடெர்மா விரிடின்னு, அழுக வைக்கிற பூஞ்சைய அடக்குற நல்ல பூஞ்சை, அத கரைச்ச தண்ணியில கொஞ்ச நேரம் வேர நனைச்சு எடுத்தேன், பெரிய டம்ளர் ஒண்ணுல பாதி பெர்லைட் (லேசான வெள்ளைக் கல் துகள்) பாதி கோகோபீட் கலந்து நட்டேன். கோகோபீட்ட இந்தத் தடவ மூணு தண்ணி மாத்தி அலசினேன், அதுல உப்பு இருக்கும், முதல் தடவ அத செய்யல. கையில எடுத்துப் பிழிஞ்சா ஒரு சொட்டு ரெண்டு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது, அதுதான் பதம்.

அப்புறம் ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில அடிய வெட்டிட்டு மேல கவுத்து மூடினேன். எனக்கு இதுலதான் விஷயமே இருக்குன்னு தோணுது. வேர் இல்லாத கன்னுக்கு ஈரம் வேணும்தான், ஆனா அது இலையச் சுத்தி காத்துல இருக்கணும், வேர்ல இல்ல. அடுப்படி கிழக்கு ஜன்னல்ல, நேர் வெயில் படாத இடத்துல வெச்சேன். தண்ணி ஊத்தல. தினம் டம்ளர கையில தூக்கி கனம் மட்டும் பாப்பேன். ஒம்போது நாள் கழிச்சு லேசாச்சு, அப்பதான் ரெண்டு ஸ்பூன் தண்ணி. அந்த ஒம்போது நாள் சும்மா இருந்ததுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு, ராத்திரி எந்திரிச்சு லைட்டப் போட்டுப் பாத்துருக்கேன், விட்டு வெச்ச அந்த ஒத்த இலையும் விழுந்துருச்சு, வீட்ல எல்லாரும் தூக்கிப் போடச் சொன்னாங்க. குருத்து மட்டும் கருகாம நின்னுச்சு. பதினாறாம் நாள் அது விரிய ஆரம்பிச்சுது, நாலாவது வாரம் டம்ளர் ஓரத்துல புது வெள்ளை வேர்.

பாட்டில ஒரேயடியா எடுத்துராதீங்க. முதல்ல மூடிய மட்டும் கழட்டினேன், ரெண்டு நாள் கழிச்சு அரை மணி நேரம் திறந்து வெச்சேன், இப்படியே பத்து நாள் இழுத்தேன், இலை தொங்கினா உடனே மூடிருவேன். வேர் டம்ளர சுத்தி நிறைஞ்ச அப்புறம்தான் ஆறு இன்ச் தொட்டி, மண்ணுல மூணுல ஒரு பங்கு மணல், மண்புழு உரம் ஒரு கைப்பிடிக்கு மேல இல்ல. வெயில் காலையில எட்டு மணி வரைக்கும், அப்புறம் பச்சை வலைக்கு அடியில.

இப்ப ஆவணி. முழங்கால் உயரம் இருக்கு, ஒம்போது இலை. போன வாரம்தான் பன்னெண்டு இன்ச் தொட்டிக்கு மாத்தினேன். இலைக்கு அடியில துரு மாதிரி பொடி வருதான்னு தினம் திருப்பிப் பாக்குறேன், மழைக் காலத்துல அத்திக்கு அந்த நோய் சீக்கிரம் வரும். அக்காவுக்கு போட்டோ அனுப்பினேன், உடனே போன் பண்ணிட்டாங்க. அவங்க புது ஃபிளாட் பால்கனி மேற்கு பாத்தது, மத்தியான வெயில் சுள்ளுன்னு அடிக்குமாம். தை மாசம் கவாத்து பண்ணும்போது அவங்களுக்கு ரெண்டு குச்சி எடுக்கணும், அதுக்குள்ள அங்க ஒரு வலை கட்டச் சொல்லியிருக்கேன்.