தலைப்பில் ஒரு பெயரெச்சம்

ஒரு நாளிதழில் 17 ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தேன். செய்தியை எழுதுபவர் செய்தியாளர். தலைப்பு வைப்பது பெரும்பாலும் மேசையில் இருக்கும் எங்களைப் போன்றவர்கள். வாசகர் பலருக்கு இது தெரியாது. தலைப்பு தவறினால் வசவு செய்தியாளருக்குத்தான் போகும்.

சேர்ந்த புதிதில் ஒரு நாள் இரண்டு பத்தி அகலத்தில் போட வேண்டிய செய்தி ஒன்று வந்தது. 'திருட்டு வழக்கில் இளைஞர் கைது' என்று தலைப்பு வைத்தேன். வரிக்குள் அடங்கவில்லை. அச்சுக்குப் போகும் நேரம். 'திருடிய இளைஞர் கைது' என்று மாற்றினேன், கச்சிதமாக உட்கார்ந்தது.

மூன்றாம் நாள் அந்த இளைஞரின் தந்தை அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. செய்தியை விரலால் தொட்டு, "உள்ளே சரியாகத்தானே எழுதியிருக்கிறீர்கள், மேலே மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டார். உள்ளே 'குற்றம் சாட்டப்பட்டுள்ளார்' என்று தெளிவாகவே இருந்தது. ஆனால் விசாரணை தொடங்கும் முன்பே 'திருடிய' என்ற ஒரு பெயரெச்சத்தால் நான் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

உள்ளே சரியாக இருந்தால் போதாதா என்று இன்றும் சிலர் வாதிடுகிறார்கள். போதாது. ஆஸ்திரேலியாவில் உளவியல் ஆய்வாளர் உல்ரிச் எக்கர் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. திசைதிருப்பும் தலைப்போடு படித்தவர்கள், செய்தியை முழுவதும் படித்த பிறகும் தலைப்பின் சாயலிலேயே அதைப் புரிந்துகொண்டார்கள். அப்படியிருக்க, தலைப்போடு பக்கத்தைப் புரட்டிவிடுகிறவருக்கு அதுதான் முழுச் செய்தி.

பொய்யே எழுதாமலும் தலைப்பைச் சாய்க்க முடியும். 'வேலைநிறுத்தத்தால் நோயாளிகள் அவதி' என்று போடலாம். அதே நாளில், அதே செய்திக்கு, 'பேச்சு முறிவு: செவிலியர் வேலைநிறுத்தம்' என்றும் போடலாம். இரண்டும் உண்மை. முதலாவதில் இருக்கும் அந்த 'ஆல்' உருபு பழியை ஒரு பக்கம் இறக்கிவைக்கிறது. இதைக் கவனிக்கத் தெரிந்த வாசகரை எனக்கு மிகவும் பிடிக்கும். கேள்விக்குறியோடு முடியும் தலைப்பையும் நான் நம்புவதில்லை. உறுதியான செய்தி கையில் இருந்தால் கேள்வி எதற்கு?

அவசரம்தான் எங்கள் தொழிலின் பெரிய பகை. 1948 அமெரிக்க அதிபர் தேர்தலில் 'ட்ரூமனைத் தோற்கடித்தார் டூயி' என்று சிகாகோ டெய்லி டிரிப்யூன் கொட்டை எழுத்தில் போட்டது. அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் முதல் பதிப்பை வழக்கத்தைவிட முன்னதாக அச்சுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. முடிவு வருமுன் தலைப்பு போய்விட்டது. வென்ற ட்ரூமன் அந்த இதழைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் படம் உலகப் புகழ் பெற்றது. அதிபராக இருப்பவரால் சிரிக்க முடிந்தது. என் எதிரே நின்ற தந்தையிடம் அப்படிப் பிடித்துக் காட்ட எதுவும் இல்லை.

ஓராண்டுக்குப் பின் அந்த இளைஞரை நீதிமன்றம் விடுவித்தது. அந்தச் செய்திக்கும் இரண்டு பத்தி வேண்டும் என்று கேட்டேன். ஒரு பத்தி கிடைத்தது, உள்பக்கத்தில். 'திருட்டு வழக்கு: இளைஞர் விடுதலை' என்று மூன்று வரியாக உடைத்து வைத்தேன். அந்தத் தந்தை அதைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது.