கடைசியில் மிஞ்சிய உருளை

என் மகளுக்கு மூன்றரை வயதானபோது, எண்களைக் கற்பிக்கும் செயலி ஒன்றைக் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தேன். சரியான விடையைத் தொட்டால் கைதட்டல் ஒலிக்கும். தவறினால் ஒரு கரடி கண்ணீர் விடும். ஒரே வாரத்தில் அவள் எண்களை விட்டுவிட்டு, கரடியை அழவைப்பதையே விளையாட்டாக்கிக்கொண்டாள். அதில் அவள் குற்றம் ஏதும் இல்லை. அந்தச் செயலியில் பார்க்கத்தக்கதாக இருந்தது கரடி ஒன்றுதான்.

பிறகு அவளைச் சேர்த்த மாண்டிசோரி வகுப்பில் பெற்றோர் ஒருநாள் ஓரமாக அமர்ந்து பார்க்கலாம் என்றார்கள். அன்று அவள் முன் இருந்தது, பத்துத் துளைகளும் அவற்றில் அளவாகப் பொருந்தும் பத்து உருளைகளும் கொண்ட ஒரு மரக்கட்டை. மெல்லிய உருளை ஒன்றை அகலமான துளையில் போட்டாள். அது தொளதொளவென்று உள்ளே நின்றது. அவள் கவலைப்படவில்லை. ஆனால் கடைசியில் கையில் ஒரு தடித்த உருளையும் கட்டையில் ஓர் ஒடுங்கிய துளையும் மிஞ்சின. அழுத்திப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், பிறகு எல்லா உருளைகளையும் குமிழைப் பிடித்து வெளியே எடுத்து முதலிலிருந்து தொடங்கினாள். இரண்டடி தூரத்தில் இருந்த ஆசிரியை வாய் திறக்கவே இல்லை.

பிழையைச் சுட்டும் பொறுப்பை ஆசிரியரிடமிருந்து பொருளுக்கு மாற்றியதுதான் இந்தக் கல்விமுறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி செய்த பெரிய காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது. 1907இல் ரோம் நகரில் 'குழந்தைகள் இல்லம்' என்ற தன் முதல் பள்ளியைத் தொடங்கிய அவர், 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. இன்று 'கல்வி விளையாட்டுப் பொருள்' என்று அட்டையில் அச்சிட்டு விற்கப்படுபவற்றில் பல, மின்கலத்தைக் கழற்றிவிட்டால் ஊமையாகிவிடுகின்றன. அந்த மரக்கட்டைக்கு அந்தக் கவலை இல்லை.

இதனால் கணினியையே வெறுத்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். 1967இல் கணினி அறிஞர் சீமோர் பேப்பர்ட்டும் உடன் பணியாற்றியவர்களும் குழந்தைகளுக்காக உருவாக்கிய லோகோ என்ற கணினி நிரல் மொழியில், கோடு போட்டுக்கொண்டே நகரும் ஆமை ஒன்று உண்டு. அதுவும் பாராட்டாது, திட்டாது. சொன்னதைச் செய்யும், அவ்வளவுதான். ஒன்பது வயதில் மகளுக்கு அதைத் திறந்து காட்டினேன். நூறு அடி முன்னே, தொண்ணூறு பாகை வலப்பக்கம் என்று நான்கு முறை சொல்லிச் சதுரத்தை எளிதாக வரைந்துவிட்டாள். முக்கோணத்தின் ஒவ்வொரு கோணமும் அறுபது பாகை என்று பள்ளியில் படித்திருந்ததால், அடுத்து அறுபது என்று மூன்று முறை கொடுத்தாள். வாய் மூடாத கிண்ணம் போல ஏதோ ஒன்று திரையில் நின்றது.

நான் சொல்லிக் கொடுக்க வாயெடுத்தேன். ஆசிரியையின் நினைவு வந்து அடக்கிக்கொண்டேன். அவள் எழுந்து கூடத்துத் தரையில் தானே ஆமையாக நடந்து பார்த்தாள். மூலையில் திரும்பும்போது உடம்பு சுழல்வது முக்கோணத்தின் உட்பக்கக் கோணம் அல்ல, அதற்கு வெளியே உள்ள நூற்றிருபது பாகை என்பது அன்று அவளுக்குப் பிடிபடவில்லை. மாறாக, மூன்று என்பதை ஆறாக மாற்றினாள். கிண்ணம் மூடிக்கொண்டு அறுகோணமானது. தேன்கூட்டின் அறை என்று அதற்குப் பெயரிட்டுச் சேமித்துவிட்டுத் தூங்கப் போனாள். முக்கோணம் வருவதற்கு மேலும் இரண்டு நாட்கள் ஆயின.