பகலில் பச்சை, விளக்கடியில் சிவப்பு

"அம்மா, இதைக் கொஞ்சம் வாசலுக்குக் கொண்டு வாங்கோ."

கொழும்பு செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடை. வயதான அம்மா ஒருவர் தன் பாட்டியின் மோதிரத்தை விலை கேட்கக் கொண்டு வந்திருந்தார்.

வாசல் வெளிச்சத்தில் கல் பாசிப்பச்சை. உள்ளே வந்து குண்டு பல்பின் கீழ் பிடித்ததும் பழுப்புச் சிவப்பு! கல்லைப் பிடித்திருந்த பவுண் நகங்கள் தேய்ந்து நூலாகியிருந்தன.

அலெக்சாண்ட்ரைட்.

1830களில் ரஷ்யாவின் உரால் மலையில் கிடைத்தது. பின்னாளில் ஜார் ஆன இளவரசர் அலெக்சாண்டரின் பெயரை வைத்தார்கள். இலங்கையிலும் கிடைக்கிறது. நம் வைடூரியமும் இதுவும் ஒரே கனிமம்தான், கிரிசோபெரில். இதில் கலந்திருக்கும் துளி குரோமியம் மஞ்சள் ஒளியை விழுங்கிவிட்டு, பச்சையையும் சிவப்பையும் விட்டுவிடுகிறது. பகலில் பச்சை ஜெயிக்கும். மெழுகுவர்த்தியிலும் குண்டு பல்பிலும் சிவப்பு தூக்கல், கல்லும் சிவக்கும்.

பழைய நகைகளில் இந்தப் பெயரோடு வருபவற்றில் நிறைய, வனேடியம் கலந்து செய்த செயற்கைக் குருந்தக்கல். நீலச் சாம்பலிலிருந்து ஊதாவுக்கு மாறும். நகைக்காரரின் சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியான லூப்பில் பார்த்தால் பெரும்பாலும் உள்ளே வளைந்த கோடுகள் தெரியும்.

நகைக்காரர் நெடுநேரம் பார்த்தார். கோடு இல்லை. "ஆய்வுகூடத்தில காட்டாமல் வித்துப்போடாதீங்கோ அம்மா" என்றார். அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு.

இப்போது வீடெல்லாம் வெள்ளை எல்இடி. அதன் கீழ் இந்தக் கல்லின் சிவப்பு சரியாக எழும்பாது. பெட்டியில் பாட்டி மோதிரம் வைத்திருக்கிறவர்கள், தயவுசெய்து ஒரு தடவை மெழுகுவர்த்தி ஏற்றிப் பாருங்கள்.