செவ்வாயில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு

ஆண்டி வியரோட 'தி மார்ஷியன்' நாவலை நேத்து ராத்திரி ஒன்றரை மணிக்கு முடிச்சேன். செவ்வாய் கிரகத்துல தனியா மாட்டிக்கிட்ட விண்வெளி வீரன் வாட்னியோட கதை. பிடிச்சுதான்னு கேட்டா, பாதி ஆமா.

ஹைட்ரசீன்ங்கிற ராக்கெட் எரிபொருள்ல இருந்து ஹைட்ரஜனைப் பிரிச்சு, அதை எரிச்சுத் தண்ணி பண்றான் பாருங்க வாட்னி, அந்த இடத்துல புத்தகத்தைக் கீழ வைக்க முடியல. கழிவை எருவாப் போட்டு உருளைக்கிழங்கு வேற! பிளஸ் டூ கெமிஸ்ட்ரிய இப்படி நடத்தியிருந்தா நானும் உருப்பட்டிருப்பேன்.

ஆனா தன்னந்தனியா கெடக்குற மனுஷன், பயம் வந்தாலும் அடுத்த வரியிலயே ஜோக்கடிக்கிறான். எனக்கு ஒட்டவே இல்ல. அப்புறம் அந்தப் புயல். செவ்வாய்ல காத்தழுத்தம் நம்ம பூமியில 100-ல ஒரு பங்குகூட கிடையாது. அவ்ளோ லேசான காத்து ராக்கெட்டையே சாய்க்கப் பாக்குதாம். கதை ஆரம்பிக்கிறதே அதுலதான்!

இன்னிக்கு டிபன் பாக்ஸைத் திறந்தா உருளைக்கிழங்கு பொரியல். எண்ணி எண்ணிச் சாப்பிட்டேன்.