யாரால்?

மெய்ப்புத் திருத்துவது என் பிழைப்பு. செயப்பாட்டு வினையைக் கண்டால் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும். ‘வழங்கப்பட்டுள்ளது’ என்று எழுதியிருந்தால் ஓரத்தில் ‘யாரால்?’ என்று போட்டுவிடுவேன். இதனாலேயே சிலருக்கு என்மேல் மனத்தாங்கல்.

சென்ற வாரம் மனித உரிமைக் கையேடு ஒன்று மேசைக்கு வந்தது. ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவைப் புதிதாக மொழிபெயர்த்திருந்தார்கள்: ‘மனிதர்களுக்குப் பகுத்தறிவும் மனச்சாட்சியும் அளிக்கப்பட்டுள்ளன.’ வழக்கம்போல் ‘யாரால்?’ என்று எழுதிய பிறகுதான் உறைத்தது. 1948இல் அந்த வாக்கியமே இந்தக் கேள்வியில்தான் முட்டிக்கொண்டு நின்றது.

மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன் என்று சேர்க்கச் சொன்னது பிரேசில். சீனப் பிரதிநிதி பி. சி. சாங் இசையவில்லை, அதே சமயம், வரைவில் இருந்த ‘இயற்கையால்’ என்பதை நீக்குவதையும் ஆதரித்தார். கடவுளை நம்புகிறவர்கள் அந்த வாக்கியத்துக்குள் கடவுளைக் கண்டுகொள்ளட்டும், மற்றவர்களும் அதை ஏற்கட்டும் என்பது அவர் வாதம். டிசம்பர் 10 அன்று பிரகடனத்தை 48 நாடுகள் ஆதரித்தன, 8 நாடுகள் ஒதுங்கி நின்றன, எதிர்த்து ஒரு வாக்குகூட விழவில்லை. அந்த ஒற்றுமையில் மறைந்துபோன வினைமுதலுக்கும் ஒரு பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். என் ‘யாரால்?’ஐ நானே அடித்துவிட்டேன்.

அடுத்த பக்கத்தில் ‘எல்லோருக்கும் கல்வி உரிமை வழங்கப்படும்’ என்று இருந்தது. இதற்கு மன்னிப்பில்லை. வழங்குகிறவன் நாளைக்கே திருப்பிக் கேட்பான். ‘கல்வி பெறும் உரிமை எல்லோருக்கும் உண்டு’ என்று மாற்றினேன். ‘உண்டு’ காலம் காட்டாது, ஆண் பெண் பார்க்காது, ஒருவரா பலரா என்று எண்ணாது. கொடுத்தவர் யார் என்று கேட்க இடமே வைக்காது.

நாடற்றவராகப் பல ஆண்டுகள் வாழ்ந்த அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். தன்னவன் என்று சொல்ல ஓர் அரசு இல்லாதவனுக்கு, வெறும் மனிதனாக இருப்பது எதையும் பெற்றுத் தரவில்லை என்று எழுதியவர் அவர். நியாயம்தான். எல்லைச் சாவடியில் இலக்கணம் செல்லாது.

இன்னொரு சண்டை பாக்கி இருக்கிறது. வரைவின் ஆங்கிலத்தில் ‘ஆண்கள் அனைவரும்’ என்றும் பொருள்படும்படி இருந்த தொடக்கத்தை ‘மனிதப் பிறவிகள் அனைவரும்’ என்று மாற்றவைத்தவர் இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா. ஆனால் அதே பிரிவு ‘சகோதர உணர்வு’ என்றுதான் முடிகிறது. அதன் மேல் ‘உடன்பிறந்தார் உணர்வு’ என்று பென்சிலால் எழுதி அனுப்பினேன். மூலத்தில் சகோதரர்கள்தான் இருக்கிறார்கள் என்று மொழிபெயர்ப்பாளர் திருப்பி அனுப்பிவிட்டார். பென்சில் எழுத்தை அவரும் அழிக்கவில்லை, நானும் அழிக்கவில்லை.