விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) போட்டோகிராபி பிராக்டிகலுக்கு போன் கேமராவே போதும்

டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றும் பெரிய கேமரா) இல்லையே என்று பிராக்டிகலுக்கு முன்பே சோர்ந்துபோகிற ஜூனியர்களுக்காக இதை எழுதுகிறேன். என் ரெக்கார்டு (படங்களை ஒட்டிக் கொடுக்கும் நோட்டு) முழுக்க போனில் எடுத்ததுதான், நல்ல மதிப்பெண் வந்தது. உங்கள் துறையில் போன் படத்தை ஏற்பார்களா என்று மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஏலகிரி, அமிர்தி என்று அலைய வேண்டாம். வேலூர் கோட்டை ஒன்றே போதும், ஆனால் ஒரே இடத்துக்கு வேறு வேறு நேரத்தில் போக வேண்டும். காலையில் சீக்கிரம் போனால் மதிலில் வெயில் சாய்ந்து விழும், கருங்கல்லின் மேடு பள்ளம் எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் அதே சுவர் சப்பென்று ஆகிவிடும், நம்ம ஊர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாலையில் வானத்தின் பிரகாசமான பகுதியைத் திரையில் அழுத்திப் பிடியுங்கள், போகஸும் எக்ஸ்போஷரும் (படத்தில் பதியும் வெளிச்ச அளவு) லாக் ஆகும், அப்புறம் வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கினால் மதில் கறுத்து அருமையான சில்லவுட் (நிழலுருவப் படம்) கிடைக்கும். காற்று அடங்கிய நேரத்தில் அகழியில் மதிலின் பிம்பம் கிடைக்கும். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களுக்குப் பக்கவாட்டு வெளிச்சம்தான் அழகு, பிளாஷ் போட்டால் சிற்பத்தின் ஆழமே போய்விடும். ஜூம் வேண்டாம், நடந்து கிட்டே போங்கள். டிஜிட்டல் ஜூம் என்பது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான்.

மூவ்மெண்ட் படத்துக்கு காட்பாடி ரோட்டில் ஓடும் ஆட்டோ இருக்கிறது. ப்ரோ மோடில் (அளவுகளை நாமே மாற்றும் கேமரா மோடு) ஷட்டரை, அதாவது வெளிச்சம் பதியும் நேரத்தை, 1/30 வினாடிக்கு வைத்து, ஆட்டோ போகும் வேகத்திலேயே போனையும் திருப்பிக்கொண்டு போனால் ஆட்டோ ஓரளவு தெளிவாகவும் பின்னணி கோடுகோடாகவும் வரும். வெயில் நேரத்தில் படம் வெளுத்துவிடும் என்பதால் இதை சாயங்காலத்தில் செய்யுங்கள்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வு) அப்பர்ச்சர், அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையின் அளவு, பற்றிக் கேள்வி வரும். பெரும்பாலான போன்களில் அது மாறாது, அதனால் வெளிச்சத்தை ஷட்டரையும் ஐஎஸ்ஓவையும் (வெளிச்சத்துக்கு கேமரா காட்டும் உணர்திறன்) வைத்துத்தான் சரிசெய்கிறோம், போர்ட்ரெய்ட் மோடில் பின்னணி மங்குவது பெரும்பாலும் சாப்ட்வேர் வேலை என்று தெளிவாகச் சொல்லுங்கள். மனப்பாடம் செய்த பதிலைவிட இப்படிப் புரிந்து சொல்வதுதான் எடுபடும்.

பிரிண்ட் போடும் ஸ்டூடியோவுக்குப் படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்புங்கள், சாதாரணமாக அனுப்பினால் அளவு சுருங்கி பிரிண்ட் கெடும். ஒட்டும் முன் ஒவ்வொரு பிரிண்ட்டின் பின்னாலும் ஷட்டர், ஐஎஸ்ஓ எழுதுங்கள், கேலரியில் டீடெய்ல்ஸ் தொட்டால் இரண்டும் அங்கேயே இருக்கும்.